"நிறைய பேருக்கு சார்" என்று சொல்லாமல் இருக்க: முதல் கள ஆய்வு செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மூன்று வருடத்துக்கு முன்பு தாலுகா அலுவலகத்தில் ஒரு மேசைக்கு முன்னால் நின்று, "பெரியவங்களுக்குப் பென்ஷன் ஒழுங்கா கைக்கு வர்றதில்ல சார்" என்றேன். எதிரில் இருந்தவர் கோபப்படவில்லை. "எத்தனை பேருக்கு? எந்த ஊர்ல? எத்தனை நாள் லேட்டு?" என்று கேட்டார். "நிறைய பேருக்கு சார்" என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

வீட்டோடு கிடக்கும் முதியோரைப் போய்ப் பார்த்து, மாத்திரை, துணி, மனு என்று ஆவன செய்யும் சின்ன அறக்கட்டளை எங்களுடையது. ஐந்து பேர், இரண்டு டூவீலர். ஆய்வு என்றால் பல்கலைக்கழகத்தில் கோட்டுப் போட்டவர்கள் செய்வது என்றுதான் இருந்தோம். அந்தப் பேனா மூடப்பட்ட அன்றுதான் நாமே எண்ணிப் பார்த்துவிடுவோம் என்று முடிவெடுத்தோம். எண்ணி முடிக்க ஏழு மாதம் ஆனது. விவரம் தெரிந்திருந்தால் நான்கு மாதத்தில் முடித்திருக்கலாம். வீணான அந்த மூன்று மாதம் உங்களுக்கும் வீணாக வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

நான் சொல்வது முதியோர் ஓய்வூதியத்தை வைத்து. நீங்கள் மாற்றுத்திறனாளிகளோடு வேலை செய்தாலும், விடுதிப் பிள்ளைகளோடு வேலை செய்தாலும் வரிசை பெரும்பாலும் இதேதான். எங்கே மாறும் என்பதை அங்கங்கே சொல்கிறேன்.

1. கேள்வியைச் சுருக்குங்கள்

எங்கள் முதல் வரைவின் தலைப்பு: "கிராமப்புற முதியோர் எதிர்கொள்ளும் சமூக, பொருளாதார, உளவியல் சவால்கள்." கேள்வித்தாளில் 74 கேள்விகள். சமூகப்பணித் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் காட்டினோம். புரட்டிப் பார்த்துவிட்டு, "இதை முடிக்கிறதுக்குள்ள உங்களுக்கே பென்ஷன் வயசு வந்துடும்மா" என்றார்.

அவர் சொல்லிக் கொடுத்த சோதனை இது. ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில், "இதற்கு விடை தெரிந்தால் எந்த நாற்காலியில் இருப்பவர் எதை மாற்ற முடியும்?" என்று எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் அந்தக் கேள்வியை அடித்துவிடுங்கள். "தனிமையாக உணர்கிறீர்களா?" நல்ல கேள்விதான். ஆனால் தாலுகாவில் பென்ஷனைக் கவனிக்கும் தனி வட்டாட்சியர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

கடைசியில் எங்களிடம் மிஞ்சியவை இரண்டு. பணம் வங்கிக்கு வந்த நாளிலிருந்து பெரியவர் கைக்கு வர எத்தனை நாள் ஆகிறது? மனு போட்டுக் கிடைக்காதவர்களுக்கு என்ன காரணம் சொல்லப்பட்டது? இந்த இரண்டுக்காகக் கேட்க வேண்டிய துணைக் கேள்விகள் 19. அதற்கு மேல் ஒன்றுகூட ஏறவிடவில்லை. குழுவில் யாராவது "அப்படியே இதையும் கேட்டுடலாமே" என்று தொடங்குவார்கள். விடாதீர்கள்.

2. ஏற்கனவே இருப்பதை இரண்டு வாரம் தேடுங்கள்

இரண்டே வாரம். அதற்கு மேல் தேடினால் தேடுவதே வேலையாகிவிடும்.

முதலில் பார்க்க வேண்டியது துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு. மானியக் கோரிக்கையின்போது சட்டமன்றத்தில் வைப்பார்கள். தமிழிலேயே பி.டி.எஃப். ஆக அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். எங்கள் முதல் சறுக்கல் இங்கேதான். முதியோர் ஓய்வூதியம் என்றதும் சமூகநலத் துறைக் குறிப்பைத் திறந்து ஒரு நாள் முழுக்கத் தேடினோம். தமிழ்நாட்டில் இந்த ஓய்வூதியத்தை நடத்துவது வருவாய்த் துறை. தாலுகாவில் அதற்கென்று சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் இருக்கிறார். உங்கள் திட்டம் எந்தத் துறையின் கீழ் வருகிறது என்று முதல் நாளே உறுதி செய்துகொள்ளுங்கள். துறை மாறினால் பின்னால் போடும் மனுக்களும் தப்பான வாசலைத்தான் தட்டும்.

தொகை விவரத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் மாதம் 1,000 ரூபாயாக இருந்தது 2023 ஆகஸ்டில் 1,200 ஆனது. தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில் ஒன்றிய அரசின் பங்கு 60 முதல் 79 வயது வரை 200 ரூபாய், 80 வயதிலிருந்து 500 ரூபாய். மிச்சம் மாநிலத்தின் பணம். யாரிடம் எதைக் கேட்பது என்பதை இந்தக் கணக்குதான் சொல்லும்.

பெரிய ஆய்வுகளில் முதியோருக்கென்று பார்க்க வேண்டியது லாசி (LASI) என்ற, இந்தியாவில் முதுமை பற்றிய நெடுங்கால ஆய்வு. மும்பையில் உள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் 2017-18இல் 45 வயதைத் தாண்டிய 72,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தியது. தரவும் விண்ணப்பித்தால் இலவசம். ஆனால் உங்கள் ஒன்றியம் எப்படி இருக்கிறது என்று அதில் தேடாதீர்கள். மாநில அளவில்தான் அது பேசும். தேசியக் குடும்பநல ஆய்வில் விரிவான நேர்காணல் பெண்களுக்கு 15 முதல் 49 வயது, ஆண்களுக்கு 54 வயது வரைதான். பாட்டிகளுக்கு அங்கே அதிகம் இடமில்லை. முனைவர் பட்ட ஆய்வேடுகள் ஷோத்கங்கா என்ற இணையதளத்தில் கிடைக்கும். அவற்றின் பின்னிணைப்பில் இருக்கும் கேள்வித்தாளை மட்டும் பாருங்கள், போதும்.

3. ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனுவை இன்றைக்கே போடுங்கள்

"கள வேலை முடியட்டும், அப்புறம் போடுவோம்" என்று நாங்கள் தள்ளிப்போட்டதில் ஒன்றரை மாதம் போயிற்று. கேள்வி முடிவான அன்றே மனு போய்விட வேண்டும். நீங்கள் மற்ற வேலைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதற்கான 30 நாள் ஓடட்டும்.

தேவையானவை: ஒரு வெள்ளைத்தாள், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, உங்கள் முகவரி. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர் சான்றை இணைத்தால் கட்டணம் இல்லை. தமிழக அரசின் ஆர்.டி.ஐ. இணையதளம் வழியாகவும் போடலாம். தபாலில் அனுப்பினால் ரசீதையும் பட்டுவாடா ஆன விவரத்தையும் மனு நகலோடு பின் குத்தி வையுங்கள். மேல்முறையீட்டுக்கு அவைதான் ஆதாரம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் கேட்கவும் கூடாது. பிரிவு 6(2) அதைத்தான் சொல்கிறது.

கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. நான் முதலில் எழுதியது: "முதியோர் ஓய்வூதியம் ஏன் தாமதமாக வழங்கப்படுகிறது என்பதைத் தெரிவிக்கவும்." வந்த பதில் ஒரே வரி: கேள்விக்கு விளக்கம் அளிக்கச் சட்டத்தில் இடமில்லை. சரியான பதில்தான். ஆவணத்தில் இருப்பதைத்தான் கேட்க முடியும். இரண்டாவது மனுவை இப்படி எழுதினேன்:

"இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை, ஒவ்வொரு மாதமும் இத்தாலுகாவின் முதியோர் ஓய்வூதியத் தொகை வங்கிக்கு அனுப்பப்பட்ட தேதி. அதே காலத்தில் பெறப்பட்ட புதிய மனுக்களின் எண்ணிக்கை, ஏற்கப்பட்டவை, நிராகரிக்கப்பட்டவை. நிராகரிப்புக்கான காரணங்கள் பதியப்பட்ட பதிவேட்டின் நகல், பெயர், முகவரி நீக்கி."

"பெயர், முகவரி நீக்கி" என்பதை நீங்களே எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் தனிநபர் விவரம் என்று மொத்தத்தையும் மறுத்துவிடலாம். தப்பான அலுவலகத்துக்குப் போய்விட்டால் ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு. ஆனாலும் மாற்றி அனுப்பிய கடிதம் வந்ததா என்று கவனியுங்கள். எங்களுடைய ஒன்று அப்படியே எங்கேயோ உறங்கிப்போயிற்று.

நகல் கட்டணம் பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாளைத் தாண்டிவிட்டால் தகவலை இலவசமாகவே தர வேண்டும். பதில் வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதே துறையின் மேல் அதிகாரிக்கு. அதற்கு 30 நாள், நீட்டினால் 45 நாள். அதுவும் பலிக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். ஆணையம் வரை போனால் உங்கள் ஆய்வுக் காலத்துக்குள் விடை வராது என்று வைத்துக்கொள்ளுங்கள். "தகவல் தொகுக்கப்படவில்லை" என்று பதில் வந்தால் சண்டை போடாமல், பதிவேட்டை நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள். முதல் ஒரு மணி நேரம் இலவசம். நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்கார்ந்து நாங்களே எண்ணி எழுதிவிட்டு வந்தோம். தேநீர்கூடக் கொடுத்தார்கள்.

4. நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம்

ஆய்வால் அதில் பங்கேற்பவர்களுக்குத் தீங்கு வராதா என்று பார்த்து ஒப்புதல் தரும் குழு இது. "சர்வேதானே, இதுக்கு எதுக்குக் கமிட்டி?" என்று எங்களுக்கும் தோன்றியது. இரண்டு காரணம். குழு ஒப்புதல் இல்லாத ஆய்வைப் பின்னால் பெரும்பாலான ஆய்விதழ்களும், பல நிதி அமைப்புகளும் ஏற்காது. இன்னொன்று, கள வேலை முடிந்த பிறகு ஒப்புதல் வாங்க வழியே இல்லை. ஒரு வீட்டில் ஒரு கேள்வி கேட்பதற்கு முன்பே கடிதம் கையில் இருக்க வேண்டும்.

சின்ன அமைப்புகளுக்குச் சொந்தக் குழு இருக்காது. அருகில் உள்ள கல்லூரியின் சமூகப்பணித் துறையையோ மருத்துவக் கல்லூரியையோ அணுகுங்கள். அங்குள்ள ஆசிரியர் ஒருவரை இணை ஆய்வாளராகச் சேர்த்துக்கொண்டால் வழி சுலபமாகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறை வழிகாட்டியைத்தான் பல குழுக்கள் அளவுகோலாக வைத்திருக்கின்றன. அதில் பரிசீலனை மூன்று வகை: விலக்கு, விரைவுப் பரிசீலனை, முழுக் குழுப் பரிசீலனை. ஆபத்து குறைந்த கேள்வித்தாள் ஆய்வு என்றால் விரைவுப் பரிசீலனை கேட்டுப் பாருங்கள். எந்த வகை என்று முடிவு செய்வது நீங்கள் அல்ல, குழுதான்.

கேட்ட ஆவணங்கள்: ஆய்வுத் திட்டம் ஐந்தாறு பக்கம், தமிழ்க் கேள்வித்தாள், தகவல் தாள், ஒப்புதல் படிவம் (இரண்டும் தமிழிலும் ஆங்கிலத்திலும்), ஆய்வாளர்களின் தன்விவரக் குறிப்பு, செலவுத் திட்டம், தரவை யார் எங்கே எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள் என்ற உறுதிமொழி. கட்டணம் இடத்துக்கு இடம் வேறு. மாணவர்களுக்குப் பெரும்பாலும் இருக்காது. வெளி அமைப்பு என்றால் ஆயிரக்கணக்கில் கேட்கும் இடங்களும் உண்டு. விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

பெரிய பள்ளம் தேதிதான். குழு தினமும் கூடாது. நாங்கள் விண்ணப்பித்த குழு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கூடும். ஆறு நாள் தாமதமாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அடுத்த கூட்டம் வரை காத்திருப்பு. "அடுத்த கூட்டம் எப்போது, விண்ணப்பம் எத்தனை நாள் முன்னதாகத் தர வேண்டும்?" என்ற இரண்டையும் முதலில் போன் போட்டுக் கேளுங்கள். உங்கள் காலண்டரை அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள்.

அடுத்து, ஒப்புதல் படிவத்தின் தமிழ். "இவ்வாய்வில் தன்னார்வத்துடன் பங்கேற்க இதன்மூலம் இசைவளிக்கிறேன்" என்று எழுதியிருந்தோம். குழுவுக்கு அது பிடித்துப்போயிற்று. முதல் வீட்டில் அதை வாசித்தபோது பாட்டி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு மை டப்பாவைத் திறந்ததும் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

"கைநாட்டு வச்சா பென்ஷன நிறுத்திடுவாங்களாம்மா?"

அவர் பயம் நியாயமானது. மாதா மாதம், பணம் கொடுக்க ஊருக்கு வருபவரின் மெஷினில் கட்டை விரலை வைத்தால்தான் பணம். விரல் ரேகை தேய்ந்து போனதால் "மேட்ச் ஆகல" என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பப்பட்டவர் அவர். கட்டை விரல் என்றால் அவருக்குப் பணம், பயம் இரண்டும்தான். அன்றைக்கு ஆய்வை விட்டுவிட்டு மோர் குடித்துவிட்டுத் திரும்பினோம். தாளைத் திருத்தி மீண்டும் குழுவுக்கு அனுப்பினோம். திருத்தம் எதுவானாலும் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும், மறக்காதீர்கள். புதிய தாள் இப்படித் தொடங்கியது:

"நாங்க கவர்மென்ட் ஆளுங்க இல்ல. நீங்க சொல்றதால பென்ஷன் கூடாது, குறையாது, நிக்காது. பிடிக்கலன்னா 'போதும்'னு சொல்லுங்க, எழுந்து போயிடுறோம். உங்க பேரு அறிக்கையில வராது."

எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் கைநாட்டு வாங்கும்போது உங்கள் குழுவைச் சேராத ஒரு சாட்சி கூட இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் போதும். கைநாட்டே வேண்டாம், வாய்மொழி ஒப்புதலை ஒலிப்பதிவு செய்கிறோம் என்றும் குழுவிடம் கேட்கலாம். அவர்கள் எழுத்தில் ஒப்புக்கொண்டால் மட்டும் செய்யுங்கள்.

குழந்தைகளோடு வேலை செய்பவர்களுக்கு: இந்தப் படி உங்களுக்கு இன்னும் நீளம். இல்லங்களில் ஆய்வு செய்யத் துறையின் அனுமதி வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் தொடங்குங்கள். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 74 குழந்தையின் அடையாளம் வெளியே தெரிவதைத் தடுக்கிறது. போட்டோ கூடாது, முகத்தை மறைத்தும் வேண்டாம். "நீ சொல்றத யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்று எந்தக் குழந்தைக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். பாலியல் வன்முறை பற்றித் தெரிய வந்தால் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்பது போக்சோ சட்டம்.

5. சொல்லிவிட்டுப் போங்கள்

வீடு வீடாகப் பேசுவதற்கு நாங்கள் அரசு அனுமதி வாங்கவில்லை. ஆனால் ஊராட்சித் தலைவர், வி.ஏ.ஓ., காவல் நிலையம் மூன்று பேருக்கும் ஒரு பக்கக் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொண்டோம். கடன் கொடுக்க வந்தவர்கள், கட்சி ஆட்கள், ஓ.டி.பி. கேட்பவர்கள் என்று ஊரில் ஏற்கனவே பல பேர் நோட்டோடு அலைகிறார்கள். மூன்றாம் நாள் ஒரு மகன் சட்டையைப் பிடிக்கிற மாதிரி வந்தார். முத்திரை போட்ட நகலைக் காட்டியதும் நாற்காலி போட்டார். முதியோர் இல்லம் என்றால் நிர்வாகியின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் உள்ளே போகாதீர்கள்.

6. கேள்வித்தாளைப் பேச்சுத் தமிழில் எழுதி, ஐந்து வீட்டில் ஓட்டிப் பாருங்கள்

ஆங்கிலத்தில் எழுதித் தமிழாக்காதீர்கள். "உங்கள் ஓய்வூதியம் குறித்து எந்த அளவுக்குத் திருப்தி அடைகிறீர்கள்: மிகவும், ஓரளவு, நடுநிலை" என்று கேட்டுப் பாருங்கள், தெரியும். எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் நடுநிலை என்று ஒன்று கிடையாது.

சோதனை வீடுகளில் கற்றுக்கொண்டவற்றில் முக்கியமானவை இரண்டு.

"பணம் ஒழுங்கா வருதா?" என்று கேட்டால் "வருதும்மா" என்பார்கள். வந்தவரிடம் குறை சொல்வதா என்ற தயக்கம். அதையே "போன தடவை எப்ப வாங்கினீங்க? அன்னிக்கு என்ன கிழமை? கையில எவ்வளவு குடுத்தாங்க?" என்று கேட்டால் விவரம் வரும். சந்தை நாளா, அமாவாசையா, ஊரில் யாராவது இறந்த நாளா என்று ஏதாவது ஒன்றில் பிடித்துக்கொண்டு தேதிக்கு வந்துவிடலாம். அந்தத் தேதியை ஆர்.டி.ஐ.யில் வந்த வங்கித் தேதியோடு ஒப்பிட்டால் உங்கள் விடை கிடைத்துவிடும். பாஸ்புக்கை நம்பி இருக்காதீர்கள். பல பாஸ்புக்குகளில் கடைசி வரி அச்சாகி வருடக் கணக்காகியிருக்கும்.

அடுத்தது வயது. ஆதாரில் பிறந்த தேதி ஜனவரி 1 என்று இருந்தால் அது அட்டை எடுத்த அன்றைக்குக் குத்துமதிப்பாகப் போட்டதாக இருக்கலாம். உண்மையில் 66 வயது ஆனவர் அட்டையில் 57ஆக இருந்தால் அவருக்குப் பென்ஷன் இல்லை. இதைக் கண்டுபிடிக்க ஒரு நிகழ்ச்சிப் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். "எம்.ஜி.ஆர். செத்தப்ப உங்க பெரிய பையன் எத்தனாவது படிச்சான்?" என்று கேட்டால் போதும், 1987 டிசம்பரில் ஒரு ஆணி அடித்தாயிற்று. 1964 தனுஷ்கோடிப் புயல், 2004 சுனாமி என்று உங்கள் பகுதிக்கு ஏற்ற மாதிரி போட்டுக்கொள்ளலாம். கூடவே ஊர்க் கோயில் கும்பாபிஷேகத் தேதியையும் பூசாரியிடம் கேட்டு எழுதி வையுங்கள். எங்களுக்கு மற்ற எல்லாவற்றையும்விடக் கைகொடுத்தது அதுதான்.

7. யாரைப் பார்ப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள்

உங்கள் மையத்துக்கு வருகிறவர்களை மட்டும் பார்த்துவிட்டு ஊரைப் பற்றி எழுதாதீர்கள். நடக்க முடிந்தவர்தான் மையத்துக்கு வருகிறார். படுத்த படுக்கையாக இருப்பவர் உங்கள் கணக்கிலேயே வர மாட்டார். அதே மாதிரி பென்ஷன் வாங்குகிறவர்களின் பட்டியலை மட்டும் எடுத்தால், கிடைக்காதவர்கள் விடுபட்டுவிடுவார்கள்.

நாங்கள் செய்தது: ஐந்து குடியிருப்பு. ஒவ்வொன்றிலும் தெருத்தெருவாக நடந்து 60 வயதுக்கு மேல் ஆள் இருக்கும் வீடுகளைப் பட்டியல் போட்டோம். காலனியும் அதில் உண்டு, ஊருக்கு வெளியே மோட்டார் கொட்டகையில் தனியாக இருப்பவரும் உண்டு. வீட்டு எண்களைச் சீட்டில் எழுதி டிபன் பாக்ஸில் போட்டுக் குலுக்கி, குடியிருப்புக்கு 12 எடுத்தோம். மொத்தம் 60. பூட்டியிருந்தால் மூன்று தடவை போக வேண்டும், அதன் பிறகுதான் மாற்று வீடு. இந்த விதியைப் போடாவிட்டால் பகலில் வீட்டில் இருப்பவர்களின் கதை மட்டும்தான் உங்களிடம் சேரும். 60 வீட்டை வைத்துக்கொண்டு தமிழ்நாடு முழுக்க இப்படித்தான் என்று எழுதக் கூடாது. அந்த ஐந்து குடியிருப்பைப் பற்றி அழுத்தமாக எழுதலாம்.

8. களத்தில்

இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் பேச, ஒருவர் பதிய. ஒரு வீட்டுக்கு முக்கால் மணி நேரம். ஒரு சாயங்காலத்துக்கு மூன்று வீடு, 60 வீட்டுக்கு 20 சாயங்காலம். நூறு நாள் வேலை நேரத்திலும் ரேஷன் போடும் நாளிலும் போகாதீர்கள். மருமகள் பக்கத்தில் நின்றால் சில பதில்கள் மாறும். ஒருவர் மருமகளிடம் தண்ணீர் கேட்டுப் பேச்சுக் கொடுப்பது எங்கள் உத்தி.

பதிவதற்கு கோபோ டூல்பாக்ஸ். போனில் ஓடும், தமிழில் படிவம் போடலாம், சிக்னல் இல்லாவிட்டாலும் சேமிக்கும், எங்கள் அளவு வேலைக்குக் காசு கேட்கவில்லை. பெயருக்குப் பதில் எண் போடுங்கள். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் தனி நோட்டில், பூட்டிய பீரோவில். ஆதார், பாஸ்புக் போட்டோவை எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கம் நம்மைப் போன்ற அமைப்புகளில் சகஜம். இந்த வேலையில் அதை அறவே நிறுத்துங்கள்.

போகிற இடத்தில் அடி, பட்டினி என்று கண்ணில் பட்டால் ஆய்வை ஓரமாக வைத்துவிடுங்கள். முதியோருக்கான உதவி எண் 14567. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இன்படி கோட்டாட்சியரிடம் மனு போடலாம். ஆனால் "பென்ஷன் வாங்கித் தர்றோம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதற்காகவே பதில்களை உங்களுக்கு ஏற்ற மாதிரி சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

செலவு: எங்களுக்கு மொத்தம் 11,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். பாதிக்கு மேல் பெட்ரோல். அடுத்தது ஜெராக்ஸும் நெறிமுறைக் குழுக் கட்டணமும். சம்பளக் கணக்கு இதில் இல்லை. நன்கொடையாளரிடம் கேட்கும்போது அதையும் சேர்த்துக் கேளுங்கள். நாங்கள் வெட்கப்பட்டுக் கேட்காமல் விட்டோம்.

9. கணக்கு, அதில் வரும் அதிர்ச்சி

எக்ஸெல் போதும். புள்ளிவிவர மென்பொருள் தெரிந்தவரைக் காசு கொடுத்துப் பிடிக்க வேண்டாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சராசரியை மட்டும் போடாதீர்கள். ஐந்து பேருக்குத் தாமதம் 3, 4, 5, 6, 90 நாள் என்றால் சராசரி 21.6 நாள். அந்த ஐந்து பேரில் ஒருவருடைய தாமதம்கூட 21 நாளுக்குப் பக்கத்தில் இல்லை. நடுவில் இருக்கும் 5ஐச் சொல்லுங்கள், அந்த 90ஐத் தனியாக எடுத்து அவருக்கு என்ன ஆயிற்று என்று எழுதுங்கள். அதிகாரி முதலில் கேட்பதும் அந்த ஒருவரைப் பற்றித்தான்.

நிராகரிப்புக் காரணங்களை வகை பிரித்தபோது எங்கள் அறையில் பேச்சு நின்றுபோனது. "பெயர் பொருந்தவில்லை" என்ற வகை பெரிதாக இருந்தது. ஆதாரில் இனிஷியல் முன்னால், வங்கியில் பின்னால், ரேஷன் அட்டையில் கணவர் பெயர் முழுதாக. அந்த மனுக்களின் நகல்களை எடுத்துப் பார்த்தால் பலவற்றில் இருந்தது எங்கள் கையெழுத்து. முத்து முத்தாக, எங்கள் மையத்தில் உட்கார்ந்து நாங்களே நிரப்பிக் கொடுத்தவை. வருடக்கணக்காகத் தாலுகா அலுவலகத்தைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

இப்போது மையத்தில் மனு எழுதும் மேசைக்கு மேல் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: "ஆதாரில் உள்ள எழுத்து அப்படியே. புள்ளி உட்பட." வேறு அட்டையில் பெயர் மாறியிருந்தால் முதலில் திருத்தம், அப்புறம்தான் மனு. அரசு ஒரு உத்தரவும் போடாமல், எங்கள் ஆய்வால் நடந்த முதல் மாற்றம் அது. இதை அறிக்கையிலும் எழுதினோம். எழுத வேண்டாம் என்று குழுவில் இருவர் சொன்னார்கள். எழுதியது நல்லதாயிற்று. நம் தப்பையும் போட்டிருக்கிறோம் என்று பார்த்த பிறகுதான் எதிரில் இருந்தவர் மற்ற பக்கங்களைப் புரட்டினார்.

10. கொண்டுபோய்க் கொடுப்பது

அறிக்கை 40 பக்கம் இருக்கலாம். கையில் கொடுப்பது இரண்டு பக்கம், தமிழில். முதல் பக்கத்தில் எத்தனை வீடு, என்ன கண்டோம். இரண்டாம் பக்கத்தில் ஒரே ஒரு கோரிக்கை, அந்த அதிகாரியின் கையெழுத்திலேயே முடிகிற மாதிரி. தொகையை உயர்த்துங்கள் என்று வட்டாட்சியரிடம் கேட்டுப் பயன் இல்லை. பணம் கொடுப்பவர் எந்தக் கிழமை எந்தக் குடியிருப்புக்கு வருவார் என்று ஊராட்சிப் பலகையில் எழுதிப் போடச் சொல்லலாம். ரேகை பதியாதவர்களுக்கு மாற்று ஏற்பாடு கேட்கலாம்.

வரிசை முக்கியம். முதலில் தனி வட்டாட்சியர், பிறகு கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள், அதற்கு அப்புறம்தான் பத்திரிகை. பத்திரிகையில் முதலில் வந்துவிட்டால் பதில் அறிக்கை எழுதுவதற்குத்தான் அலுவலகம் நேரம் செலவிடும். தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும் நாட்களில் கொடுக்காதீர்கள். அந்த வாரங்களில் குறைதீர்க்கும் கூட்டம் நடக்காது. மனு எண்ணைக் குறித்துக்கொண்டு 30 நாள் கழித்து அதே எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

எங்கள் பகுதியில் இரண்டு குடியிருப்புகளில் பலகை வந்தது. மூன்றில் இன்னும் வரவில்லை.

11. தெருவுக்குத் திரும்பிப் போய்ப் படித்துக் காட்டுங்கள்

பலர் விட்டுவிடும் படி இது. பேட்டி கொடுத்தவர்களைக் கூட்டி, கண்டதைச் சொல்லி, சரிதானா என்று கேளுங்கள். ஒரு சாயங்காலம், ஒரு பாய், டீச் செலவு. அறிக்கையை இறுதி செய்வதற்கு முன்பே செய்துவிடுங்கள். நாங்கள் எல்லாம் கொடுத்து முடித்த பிறகுதான் செய்தோம்.

வேப்பமரத்தடியில் நான் இரண்டு பக்கத்தையும் படித்து முடித்ததும், பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு தாத்தா கையைத் தூக்கினார். "நாள் கணக்கு எல்லாம் சரிதாம்மா. மெஷின்காரரு வர்றாரு வர்றாருன்னு ரெண்டு நாளு வேலைக்குப் போகாம இங்கயே குந்திக் கெடக்குறமே, அந்தக் கூலிய எதுல எழுதின?"

எதிலும் எழுதவில்லை. 19 கேள்வியில் அதற்குக் கட்டமே இல்லை. "எத்தனை நாள் காத்திருந்தீங்க, அன்னிக்கு வேலை இருந்துச்சா?" என்பதை 20ஆவது கேள்வியாகச் சேர்த்து வைத்திருக்கிறோம். நீங்கள் செய்யும்போது முதலிலேயே சேர்த்துவிடுங்கள்.